சூடானதும் நின்றுவிடும் பழைய பைக்: இக்னிஷன் கோளாறை எங்கிருந்து தேடுவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். பாயிண்ட் (எஞ்சின் சுற்றச் சுற்றத் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச்), கண்டென்சர், 12 வோல்ட் பேட்டரி வைத்து ஓடும் பழைய ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் பைக். குளிர்ந்த எஞ்சினில் ஓரிரு உதையிலேயே ஸ்டார்ட் ஆகிறது. பதினைந்து, இருபது நிமிடம் ஓடியதும் மிஸ்ஸிங் ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் பட்டென்று நின்றுவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு உதைத்தாலும் கிளம்புவதில்லை. அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. பிளக் மாற்றியாகிவிட்டது, காயிலும் மாற்றியாகிவிட்டது. அடுத்து எதை மாற்றுவது என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். உங்கள் வண்டி மக்கர் செய்வது சூட்டில். இதுவரை நடந்த சோதனைகள் எல்லாம் அது ஆறின பிறகு நடந்திருக்கின்றன. நன்றாக ஓடுகிற நிலையில் இருக்கும் வண்டியில் எதைச் சோதித்தாலும் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு கண்ணுக்கு முன்னால் இருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் சோதிக்க வேண்டும். அதற்கான தயாரிப்போடு கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்து என் சந்தேகம் முதலில் கண்டென்சர் மேல் போகிறது. அடுத்து, புதிதாகப் போட்ட அந்தக் காயில் மேல். ஏன் என்று கீழே சொல்கிறேன். ஆனால் சந்தேகத்தை வைத்துக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்பார்க் டெஸ்டர், ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு, கொஞ்சம் ஒயர், இடைவெளி அளக்கும் ஒரு ஃபீலர் கேஜ் போதும்.

மின்சாரம் போகிற வழியை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பாருங்கள். பேட்டரியிலிருந்து பியூஸ், அங்கிருந்து சாவி ஸ்விட்ச், அப்புறம் கில் ஸ்விட்ச், அங்கிருந்து காயிலின் ஒரு முனை. காயிலுக்குள் இருக்கும் தடித்த கம்பிச் சுற்றைக் கடந்து மறு முனை வழியாக பாயிண்டுக்கு வந்து, பாயிண்ட் மூடியிருக்கும்போது எஞ்சின் பாடி வழியாக எர்த் ஆகிறது. அந்த நேரத்தில் காயிலுக்குள் காந்தப்புலம் உருவாகி நிற்கும். கேம் (எஞ்சினோடு சுற்றும் மேடுள்ள தண்டு) சுற்றி வந்து பாயிண்டைத் திறந்ததும் கரன்ட் அறுபடும், காந்தப்புலம் சரியும். அந்தச் சரிவில் தடித்த சுற்றிலேயே 200, 300 வோல்ட் எழும்பிவிடும். பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பியில் அது 10,000 வோல்ட்டைத் தாண்டி பிளக்கில் பொறியாகப் பாயும்.

கண்டென்சர் இங்கே என்ன செய்கிறது? பாயிண்ட் திறக்கும் கணத்தில் எழும்புகிற அந்த 200, 300 வோல்ட், இப்போதுதான் விலக ஆரம்பித்த இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே தாவப் பார்க்கும். தாவினால் கரன்ட் அறுபடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும், காந்தப்புலம் மெதுவாகச் சரியும், பிளக்கில் வோல்ட்டேஜ் எழும்பாது. பாயிண்டுக்குக் குறுக்கே இருக்கும் கண்டென்சர் முதல் சில கணங்களுக்கு அந்தக் கரன்ட்டைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. அதற்குள் பாயிண்ட் போதுமான அளவு விலகிவிடுகிறது. கரன்ட் சுத்தமாக அறுபடுகிறது. கட்டைவிரல் அளவு கூட இல்லாத இந்தச் சாமான் கெட்டால், காயிலும் பிளக்கும் எவ்வளவு புதிதாக இருந்தாலும் பயனில்லை.

சரி, இக்னிஷனுக்குள் இறங்குவதற்கு முன், அது இக்னிஷன்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சூட்டில் நிற்கும் வண்டிகளில் கணிசமானவை வேறு காரணங்களால் நிற்கின்றன.

நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். சாவியைத் திருப்பி அணைத்தது போல ஒரே வெட்டில் நின்றால் பெரும்பாலும் மின்சாரம். இழுவை மெல்ல மெல்லக் குறைந்து, தள்ளாடி, சோக் போட்டால் கொஞ்சம் உயிர் வந்து பிறகு நின்றால் பெட்ரோல். டேங்க் மூடியில் காற்று போகும் சின்னத் துவாரம் அடைத்துக்கொண்டாலும் இதே பதினைந்து, இருபது நிமிடக் கதைதான் நடக்கும். டேங்குக்குள் காற்று நுழையாததால் பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய், திரும்ப ஓடும். வண்டி நின்றவுடன் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அப்படியே ஸ்டார்ட்டும் ஆனால் இக்னிஷனைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

வால்வு கிளியரன்ஸும் இந்த நாடகம் ஆடும். எக்ஸாஸ்ட் வால்வு இடைவெளி மிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தால், சூட்டில் அது முழுவதும் மூடாது. கம்ப்ரெஷன் போய்விடும். உதைக்கும்போது கிக்கர் வழக்கத்தைவிட லேசாக இறங்குகிறதா என்று காலுக்கே தெரியும்.

மூன்றாவது, பேட்டரி. உங்களுடைய வண்டி பேட்டரியை நம்பி ஓடுகிற வகை. சார்ஜிங் சரியில்லை என்றால் பேட்டரியில் இருந்ததைக் குடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடும், பிறகு மிஸ்ஸிங் வரும், நிற்கும். சற்று ஓய்வெடுத்த பேட்டரி கொஞ்சம் வோல்ட்டேஜ் மீட்டுக்கொள்வதால் திரும்ப ஸ்டார்ட்டும் ஆகும். ஹெட்லைட் போட்டு ஓட்டும்போது சீக்கிரம் நிற்கிறதா என்று பாருங்கள். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது அது 14 வோல்ட் பக்கம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

இந்த மூன்றும் இல்லை என்றால், பொறியைப் பார்ப்போம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, சிலிண்டர் ஹெட்டில் வைத்து உதைப்பார்கள். ஒரு பொறி தெரியும். "கரன்ட் வருது, இக்னிஷன் ஓகே" என்று முடித்துவிடுவார்கள். ஒரு இடைவெளியைப் பொறி தாண்டத் தேவையான வோல்ட்டேஜ், இடைவெளியின் அளவையும் அங்கிருக்கும் காற்றழுத்தத்தையும் சேர்த்துப் பொறுத்தது. ஃபிரீட்ரிக் பாஷென் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் 1889-இல் இதைக் காட்டினார். வெளிக்காற்றில் 0.6 மி.மீ. இடைவெளியைத் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும். அதே பிளக் சிலிண்டருக்குள் இருக்கும்போது சுற்றியுள்ள கலவை பல மடங்கு அழுத்தப்பட்டிருக்கும். த்ராட்டில் திறக்கத் திறக்க அழுத்தம் இன்னும் கூடும். வெளியே பளிச்சென்று தாவும் பலவீனமான பொறி உள்ளே தாவாமல் போவது இதனால்தான். ஐடிலில் ஒழுங்காக ஓடி, த்ராட்டிலை முறுக்கினால் மட்டும் மிஸ்ஸிங் வருகிற வண்டிகளிலும் இதே காரணம் இருக்கக்கூடும்.

ஆகவே பொறியைச் சோதிக்க, இடைவெளியைக் கூட்டிக் குறைக்க முடிகிற ஸ்பார்க் டெஸ்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் 6 மி.மீ. அளவுக்கு இடைவெளி வைத்து, உதைக்கும் வேகத்திலேயே நீலமும் வெள்ளையுமாக, சொடுக்குச் சத்தத்தோடு பொறி தாண்டினால் நல்ல பொறி. மெலிந்து, ஆரஞ்சு நிறத்தில், நாலு உதைக்கு இரண்டு தடவை வந்தால் பலவீனம்.

இதைச் செய்யும்போது இரண்டு எச்சரிக்கை. பிளக் துவாரத்திலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும். டெஸ்டரை அதன் அருகே வைக்காதீர்கள், துவாரத்தில் வேறொரு பிளக்கைப் பூட்டி விடுங்கள். டெஸ்டரின் உடலை எஞ்சினோடு கிளிப் போட்டு இறுக்கமாக எர்த் செய்யுங்கள். கையில் பிடித்துக்கொண்டு உதைக்க வேண்டாம்.

இப்போது முக்கியமான ஓட்டம். பாயிண்ட் கவரின் திருகுகளைச் சுலபமாகக் கழற்ற முடிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். காயிலின் இரண்டு முனைகளும் டேங்கைக் கழற்றாமல் எட்டுமா என்றும் பாருங்கள். எட்டாவிட்டால் ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒரு நீளமான ஒயரை எடுத்து, நுனியை டேப் சுற்றி, சீட் பக்கம் கொண்டு வந்து விடுங்கள். மீட்டர், டெஸ்டர், ஸ்பானர், கையுறை எல்லாம் பையில் இருக்கட்டும். போக்குவரத்து இல்லாத இடத்தில், வீட்டுக்குப் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி ஓட்டுங்கள். வண்டி நின்றதும் ஓரம் கட்டி, திரும்பத் திரும்ப உதைக்காமல் வேலையை ஆரம்பியுங்கள்.

முதலில் டேங்க் மூடி. அடுத்து டெஸ்டரை மாட்டி, சாவி போட்டு, உதைத்துப் பொறியைப் பாருங்கள். பொறி 6 மி.மீ. பலமாகத் தாண்டுகிறது என்றால் கோளாறு இக்னிஷனில் கிட்டத்தட்ட இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பிளக்கைக் கழற்றி, ஈரமா உலர்வா என்று பார்த்துவிட்டு கார்புரேட்டர், வால்வு பக்கம் திரும்புங்கள். பொறி இல்லை, அல்லது சோகையாக இருக்கிறது என்றால் மீட்டரை எடுங்கள்.

பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில், சாவி போட்டு, காயிலுக்குக் கரன்ட் வந்து சேரும் முனையில் அளங்கள். பேட்டரியில் இருப்பதற்கும் இங்கே இருப்பதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பாயிண்ட் மூடியிருப்பது அவசியம். கரன்ட் ஓடாத ஒயரில், துருப்பிடித்த இணைப்பு கூட முழு 12 வோல்ட்டைக் காட்டி ஏமாற்றும். இங்கே 10 வோல்ட்தான் இருக்கிறது என்றால் பியூஸ் ஹோல்டர், சாவி ஸ்விட்ச், கில் ஸ்விட்ச் இவற்றில் எதிலோ வழியில் தின்கிறது. ஸ்விட்சுக்குள் பித்தளைத் தகடு தேய்ந்து, கரன்ட் ஓட ஓடச் சூடாகி, தடை கூடுவது பழைய வண்டிகளில் சகஜம்.

அதை உறுதிப்படுத்த ஒரு நேரடி வழி இருக்கிறது. காயிலுக்கு வரும் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு பியூஸ் வைத்த ஒயரை நேராக அந்த முனைக்குக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அரை மணி நேரம் நிற்காமல் ஓடினால் ஸ்விட்ச் அல்லது ஒயரிங்தான். சாவியைத் திருப்பினால் எஞ்சின் நிற்காது, அந்த ஒயரைப் பிடுங்கினால்தான் நிற்கும் என்பதை மறக்க வேண்டாம். சில மிகப் பழைய வண்டிகளில், முக்கியமாக பிரிட்டிஷ் வண்டிகளில், பாசிட்டிவ்தான் எர்த். அவற்றில் நெகட்டிவிலிருந்து எடுக்க வேண்டும்.

காயிலுக்கு வரும் கரன்ட் சரி என்றால், அடுத்து காயிலின் மறு முனை, அதாவது பாயிண்டுக்குப் போகும் முனை. அங்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்து, பிளக்கைக் கழற்றிய நிலையில் எஞ்சினை மெதுவாகச் சுற்றுங்கள். பாயிண்ட் மூடும்போது ஏறக்குறைய பூஜ்யம், திறக்கும்போது பேட்டரி வோல்ட்டேஜ் என்று மாறி மாறி வர வேண்டும். மீட்டருக்குப் பதில் பல்பு வைத்தால் அணைந்து எரியும். எப்போதும் 12 வோல்ட்டே நின்றால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது முனையில் எண்ணெயும் கரியும் படிந்து கரன்ட் போகவில்லை, அல்லது அந்த ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. எப்போதும் பூஜ்யமே நின்றால், பாயிண்ட் திறந்தாலும் எங்கோ எர்த் ஆகிக்கொண்டிருக்கிறது.

இந்த இரண்டாவதற்கு ஒரு காரணம், பாயிண்ட் மாற்றியவுடன் "கரன்டே இல்லை" என்று தவிக்கிற ஒவ்வொருவரும் பார்க்க வேண்டியது. பாயிண்டின் ஸ்பிரிங்கும் ஒயர் முனைகளும் ஒரு சின்ன போல்ட்டில் சேரும். அந்த போல்ட்டைத் தகட்டிலிருந்து பிரித்து வைப்பது இரண்டு மூன்று ஃபைபர் வாஷர்கள் மட்டும்தான். அவற்றின் வரிசை மாறினாலோ, ஒயர் லக் கொஞ்சம் திரும்பித் தகட்டைத் தொட்டாலோ எல்லாம் நேராக எர்த்துக்குப் போய்விடும். கவரை மூடும்போது ஒயர் நசுங்குவதும் இதே விளைவைத் தரும். கவர் இல்லாமல் பொறி வந்து, கவர் போட்டதும் போய்விட்டால் ஒயரைப் பாருங்கள். கண்டென்சர் உள்ளுக்குள் முழுவதும் ஷார்ட் ஆனாலும் பூஜ்யம்தான் காட்டும். அதன் ஒயரைக் கழற்றியதும் மீட்டர் மாறி மாறிக் காட்டத் தொடங்கினால் ஆள் பிடிபட்டான்.

கரன்ட் வருகிறது, பாயிண்ட் ஒழுங்காகத் திறந்து மூடுகிறது, ஆனாலும் பொறி பலவீனம் என்றால் மிச்சம் இருப்பது கண்டென்சர், காயில், பிளக்குக்குப் போகும் ஹெச்.டி. (ஹை டென்ஷன்) ஒயர், கேப். உங்கள் வண்டி இந்த இடத்தில்தான் வந்து நிற்கும் என்று நினைக்கிறேன்.

பாயிண்ட் கவரைத் திறந்து வைத்து, வேறொருவரை உதைக்கச் சொல்லிப் பாயிண்டையே பாருங்கள். சின்னதாக ஒரு நீலப் புள்ளி மின்னுவது இயல்பு. பளீரென்று மஞ்சளாக, பெரிதாக வெடித்தால் கண்டென்சர் தன் வேலையைச் செய்யவில்லை. பாயிண்ட் முனைகளும் கதை சொல்லும். நல்ல கண்டென்சரோடு ஓடிய பாயிண்ட் மங்கிய சாம்பல் நிறத்தில், சமமாக இருக்கும். கண்டென்சர் அளவு சரியில்லை என்றால் ஒரு முனையிலிருந்து உலோகம் கரைந்து எதிர் முனையில் போய்ப் படியும். ஒரு பக்கம் குழி, மறு பக்கம் அதற்குச் சரியாகப் பொருந்துகிற சின்ன மேடு. நீலம் பாய்ந்து கருகியிருந்தால் கண்டென்சர் சுத்தமாக விட்டுப்போயிருக்கலாம், அல்லது பாயிண்ட் வழியாக அளவுக்கு மேல் கரன்ட் ஓடுகிறது.

இந்த வண்டிகளின் கண்டென்சர் பொதுவாக 0.2 முதல் 0.3 மைக்ரோஃபாரட் வரை இருக்கும். மீட்டரில் அளந்து பார்க்கலாம், ஆனால் சரியான எண் வந்துவிட்டது என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். மீட்டர் அளப்பது ஓரிரு வோல்ட்டில், ஆறிய நிலையில். அது வேலை செய்வதோ நூற்றுக்கணக்கான வோல்ட்டில், பல வண்டிகளில் எஞ்சின் பக்கத்தில் வெந்துகொண்டு. உள்ளே இருக்கும் மெல்லிய இன்சுலேஷன் சூட்டில்தான் கசிய ஆரம்பிக்கும், ஆறியதும் திரும்பக் கூடிவிடும். சூடானதும் நின்று, ஆறியதும் கிளம்பும் உங்கள் வண்டியின் நடத்தைக்கு இது அப்படியே பொருந்துகிறது.

மாற்றிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. பழைய கண்டென்சரின் ஒயரை மட்டும் கழற்றி டேப் சுற்றுங்கள், ஆளைக் கழற்ற வேண்டாம். நன்றாக வேலை செய்வதாகத் தெரிந்த வேறொரு கண்டென்சரை, பாயிண்ட் வகைக் காரிலிருந்து எடுத்தது ஆனாலும் பரவாயில்லை, வெளியே வைத்து அதன் ஒயரைப் பாயிண்டுக்குப் போகும் முனையில் கொடுத்து, அதன் உடலை நல்ல எர்த்தில் கிளிப் போடுங்கள். சாலையோரத்தில் ஐந்து நிமிட வேலை. சூட்டில் செத்துக் கிடந்த எஞ்சின் அதே சூட்டில் எழுந்து ஓடினால் விஷயம் முடிந்தது. இதற்காகப் புதுக் கண்டென்சர் வாங்குவதாக இருந்தால் ஒரு கவலையையும் சொல்லிவிடுகிறேன். இப்போது கிடைக்கிற மாற்றுக் கண்டென்சர்களின் தரம் மிகவும் ஏறி இறங்குகிறது. பெட்டியிலிருந்து எடுத்ததே கெட்டதாக இருப்பது உண்டு. அதனால் புதிதைப் போட்டும் தீரவில்லை என்றால் உடனே கண்டென்சர் இல்லை என்று முடிவு கட்டாமல், ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு வண்டியிலிருந்து எடுத்து ஒரு தடவை பாருங்கள்.

இப்போது காயில். நீங்கள் மாற்றிய காயில் எந்த வண்டிக்கானது, அதன் முதன்மைச் சுற்றின், அதாவது தடித்த கம்பிச் சுற்றின், தடை எவ்வளவு? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. காயில்கள் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். 12 வோல்ட் பாயிண்ட் வகைக் காயிலில் இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே பெரும்பாலும் 3 முதல் 5 ஓம் இருக்கும். 6 வோல்ட் காயிலில் அது 1, 2 ஓம்தான். சிடிஐ (பாயிண்ட் இல்லாத எலெக்ட்ரானிக் இக்னிஷன்) காயிலில் 1 ஓமுக்கும் கீழே. 4 ஓம் காயிலில் 3 ஆம்பியர் ஓடும் இடத்தில், 1.2 ஓம் காயிலைப் போட்டால் 10 ஆம்பியர் வரை இழுக்கும். முதலில் பொறி பிரமாதமாகத் தெரியும். பிறகு காயில் கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும், பாயிண்ட் கருகும், பதினைந்து நிமிடத்தில் நிற்கும். பழைய கோளாறைச் சரி செய்யப் போய் இன்னொரு கோளாறைச் சேர்த்துவிட்டோமா என்று பார்க்கத்தான் இந்த அளவு. காயிலின் ஒயர்களைக் கழற்றிவிட்டு அளங்கள். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய தடையில் அந்த 0.2, 0.3 ஓம் கூட முக்கியம்.

ஹெச்.டி. பக்கத்தின் தடை பொதுவாக 5,000 ஓமுக்கும் 15,000 ஓமுக்கும் இடையே இருக்கும். கேப் மாட்டியிருந்தால் அதன் தடையும் சேரும். சூட்டில் இந்த எண்கள் ஏறுவது கோளாறு இல்லை. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். ஆறின நிலையில் 4 ஓம் காட்டிய காயில், 60 டிகிரி கூடுதல் சூட்டில் 5 ஓம் பக்கம் காட்டுவது இயற்கை. திடீரென்று முடிவிலிக்குப் போனால், அதாவது உள்ளே கம்பி விட்டுப்போனால்தான் அது கெட்ட காயில். ஆனால் காயில் கெடுவது பெரும்பாலும் இன்சுலேஷனில். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே பல ஆயிரம் வோல்ட்டில் தாவுவதை ஓம் மீட்டர் காட்டாது.

அதற்கு வீட்டிலேயே ஒரு வழி. எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஹேர் டிரையரால் காயிலை மட்டும் சூடாக்குங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதே மிஸ்ஸிங் வந்தால் காயில் மாட்டிக்கொண்டது. அதே மாதிரி, சாலையில் சூட்டில் நின்ற வண்டியில் ஒரு ஈரத்துணியைக் காயில் மேல் மட்டும் சுற்றிக் குளிரவைத்துப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரே சாமானைச் சூடாக்குங்கள், ஒரே சாமானைக் குளிரவையுங்கள். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது என்று தெரியாமல் போய்விடும். ஒன்றை மறந்துவிட வேண்டாம்: பாயிண்ட் மூடிய நிலையில் எஞ்சின் ஓடாமல் சாவியைப் போட்டே வைத்திருந்தால் காயில் வீணாகச் சூடாகும். அளப்பதற்கு வேண்டிய நேரம் மட்டும் போட்டு, அணைத்துவிடுங்கள்.

ஹெச்.டி. ஒயரையும் கேப்பையும் நன்றாக இருட்டியதும் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஒயர் மேல் லேசாகத் தண்ணீர்ப் புகை அடித்தால், கசிகிற இடத்தில் நீலமாக ஊர்வது கண்ணில் படும். கேப்பைத் திருகிக் கழற்றுங்கள், அது ஒயருக்குள் திருகாகத்தான் ஏறியிருக்கும். ஒயர் நுனியில் செம்பு பச்சையாகியிருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, பளபளப்பான செம்பில் திரும்ப ஏற்றுங்கள். ரெசிஸ்டர் கேப் என்றால் 5,000 ஓம் பக்கம் காட்ட வேண்டும். பல மடங்கு காட்டினாலோ எண் நிலையாக நிற்காவிட்டாலோ தூக்கிப் போடுங்கள்.

பிளக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வண்டிக் கையேட்டில் சொன்ன ஹீட் ரேஞ்ச்தானா (பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதற்கான அளவு) என்று பாருங்கள். வேறு கம்பெனி பிளக்குக்கு மாறும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சியான வகை. பாஷ், சாம்பியனில் எண் கூடினால் சூடான வகை.

ஒயரிங்கில் ஒரே ஒரு இடத்தை மட்டும் குறிப்பாகச் சொல்கிறேன்: ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதி. அங்கே ஒயர்கள் வருடக்கணக்கில் மடங்கி மடங்கி, மேல் உறை நன்றாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். தடுமாறினால் அங்கேதான்.

இதே மாதிரி நின்றுபோகும் வண்டி உங்கள் நண்பர்களிடம் இருந்து, அது சிடிஐ வகை என்றால் வழி கொஞ்சம் மாறும். அங்கே பாயிண்டும் கண்டென்சரும் இப்படி வெளியே இருக்காது. மேக்னட் தட்டில் இருக்கும் சோர்ஸ் காயில் (கரன்ட் தருவது), பிக்கப் காயில் (பொறிக்கான கணத்தைச் சொல்வது), சிடிஐ பெட்டி, ஹெச்.டி. காயில் என்று வரும். பெரும்பாலான பழைய சிடிஐ வண்டிகளில் கில் ஸ்விட்ச் கரன்ட்டை வெட்டுவதில்லை, எர்த் செய்து அணைக்கும். அதனால் முதல் சோதனை, பெட்டிக்குப் போகும் கில் ஒயரைக் கழற்றிவிட்டுப் பொறி வருகிறதா என்று பார்ப்பது. வந்தால் ஸ்விட்சில் அல்லது சாவியில் ஷார்ட். அப்படி ஸ்டார்ட் செய்தால் சோக் போட்டோ, பிரேக் பிடித்து கியரில் அடக்கியோதான் அணைக்க முடியும். அடுத்து சோர்ஸ் காயில். சூட்டில் அதன் கம்பி விட்டுப்போவதும் ஷார்ட் ஆவதும் அடிக்கடி நடப்பதுதான். கையேட்டில் இருக்கும் ஓம் அளவோடு ஆறின நிலையிலும் சூட்டிலும் ஒப்பிடுங்கள். சிடிஐ பெட்டியை மீட்டரால் நம்பிச் சோதிக்க முடியாது, மற்ற எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு கடைசியில்தான் அதை மாற்றிப் பார்க்க வேண்டும். பிளக்கை எர்த் செய்யாமல் அந்த வண்டியை உதைக்கவே கூடாது. போக வழியில்லாத வோல்ட்டேஜ் காயிலையும் பெட்டியையும் கெடுத்துவிடும்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். கண்டென்சர்தான் என்று தெரிந்துவிட்டால் அதோடு பாயிண்டையும் சேர்த்து மாற்றுங்கள். குழியும் மேடுமான பழைய பாயிண்டில் ஃபீலர் கேஜ் மேட்டில் மட்டும் உரசும், உண்மையான இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும், நீங்கள் வைத்த அளவு பொய்யாகிவிடும். புதுப் பாயிண்டின் முனைகளில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய்ப் படலம் இருக்கும், அதைப் பெட்ரோலில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். கேம் பாயிண்டை முழுவதும் திறந்து நிற்கும் இடத்தில் வைத்து, கையேட்டில் சொன்ன இடைவெளியை வையுங்கள். பல வண்டிகளுக்கு அது 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கும். திருகை இறுக்கும்போது தகடு கொஞ்சம் நகரும் என்பதால் இறுக்கிய பின் இன்னொரு முறை அளங்கள். கேம் மேல் ஒரு துளி கிரீஸ் போதும், கூடினால் தெறித்துப் பாயிண்டில் போய் உட்காரும்.

கண்டென்சர் இருக்கும் இடத்தையும் யோசியுங்கள். அது பாயிண்ட் கவருக்குள் எஞ்சின் சூட்டில் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மின்சார ரீதியாக இல்லை. காயிலுக்குப் பக்கத்தில், டேங்குக்கு அடியில், பெயின்ட் சுரண்டிய நல்ல எர்த்தில் பூட்டி, பாயிண்டுக்குப் போகும் முனையில் இணைத்தாலும் வேலை செய்யும். உங்கள் வண்டியில் உள்ளே இருந்தால் வெளியே மாற்றுவதையே நான் சிபாரிசு செய்வேன்.

இடைவெளி வைத்த பிறகுதான் டைமிங், அதாவது பொறி பாயும் கணம். வரிசை மாறக் கூடாது, ஏனென்றால் இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னாலேயே திறந்து டைமிங் முந்தும், குறைந்தால் பிந்தும். அதே பல்பைப் பாயிண்ட் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்து, எஞ்சினை அது ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். பல்பு எரிய ஆரம்பிக்கும் கணத்தில் டைமிங் குறி சேர வேண்டும். சேராவிட்டால் பாயிண்ட் இருக்கும் பெரிய தகட்டைத் திருப்பிச் சேருங்கள். வேகம் கூடும்போது டைமிங்கை முந்த வைக்கும் அட்வான்ஸ் எடைகளைக் கையால் விரித்துப் பாருங்கள், விட்டதும் ஸ்பிரிங் அவற்றைத் தயங்காமல் உள்ளே இழுக்க வேண்டும். விரிந்த இடத்திலேயே சிக்கிக்கொண்டால் கிக்கர் காலைத் திருப்பி உதைக்கும். விரியவே மறுத்தால் எஞ்சின் சூடாகும், இழுவை இருக்காது.

புதுப் பாயிண்டின் ஃபைபர் குதி முதல் சில நூறு கிலோமீட்டரில் கேமோடு தேய்ந்து பழகும். அதில் இடைவெளி கொஞ்சம் குறையும், டைமிங்கும் கொஞ்சம் பிந்தும். முதல் 500 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை கவரைத் திறந்து இரண்டையும் சரிபார்த்துவிடுங்கள்.